கேட்டரிங் காலேஜின் பெயரில் ஊட்டச்சத்து எப்படி வந்தது?

தரமணிக்கு நான் போவதெல்லாம் ரோஜா முத்தையா நூலகத்துக்காகத்தான். காலையில் போய் உட்கார்ந்தால் கண் எரிகிற வரைக்கும் பழைய பத்திரிகைகள். பிறகு ஒரு டீ. டீ குடிக்க வெளியே வரும்போது பக்கத்துத் தெருக்களில் கறுப்பு பேண்ட்டும் வெள்ளைக் கோட்டுமாக நாலைந்து பிள்ளைகள் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். கேட்டரிங் காலேஜ் பிள்ளைகள். பல வருஷமாகப் பார்க்கிறேன், அந்தக் கல்லூரியின் முழுப்பெயரை ஒருமுறையும் ஒழுங்காகப் படித்ததில்லை. போன மாதம்தான் நின்று படித்தேன்.

இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹோட்டல் மேனேஜ்மெண்ட், கேட்டரிங் டெக்னாலஜி அண்டு அப்ளைடு நியூட்ரிஷன்.

முதல் இரண்டு துண்டும் புரிகிறது. மூன்றாவது என்ன? 'பயன்பாட்டு ஊட்டச்சத்து' என்று சொல்லலாம். நட்சத்திர ஹோட்டலின் பஃபே மேஜைக்கும் ஊட்டச்சத்துக்கும் என்ன சம்பந்தம்? வெண்ணெயும் க்ரீமும் வழிகிற இடத்தில் யார் புரதக் கணக்கு கேட்கிறார்கள்? சென்னைக்கு மட்டும் ஒட்டிக்கொண்ட வால் என்றும் சொல்ல முடியாது. மும்பைக் கல்லூரியின் பெயரிலும் இதே வால் இருக்கிறது. டெல்லி பூசாவில் இருப்பதன் பெயரிலும் 'நியூட்ரிஷன்' உண்டு.

பெயர்ப்பலகைகளைக் கல்வெட்டு மாதிரிப் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அரசாங்கம் வைத்த பெயரில் பொருத்தமில்லாத ஒரு சொல் இருந்தால், அதற்கு அடியில் மறந்துபோன ஒரு கதை இருக்கும். இதில் இருந்தது பஞ்சக் கதை.

அதற்கு முன்னால் ஒரு வீட்டுக் கதை. இந்தப் படிப்பு எனக்கு முதலில் அறிமுகமானதே ஒரு சண்டையில்தான். 1991ல் என் அத்தை மகன், எனக்கு அத்தான் முறை, ப்ளஸ் டூ முடித்துவிட்டு ஹோட்டல் மேனேஜ்மெண்ட் படிக்கப் போகிறேன் என்றார். தென்காசிப் பக்கம் எங்கள் ஊரில் அதுவரை யாரும் அப்படி ஒரு பெயரைக் கேட்டதில்லை. ஆச்சி கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "இலை எடுக்கதுக்கா மூணு வருஷம் படிக்கணும்?" மாமா அதைவிடக் கறாராக, "ஓட்டல் வச்சு நடத்துதவன் எல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனான்?" என்றார். அத்தான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் அத்தைதான் வளையலை அடகு வைத்து அனுப்பினாள்.

ஆச்சியைக் குறை சொல்ல மாட்டேன். தமிழில் 'ஹோட்டல்' என்றால் சாப்பிடுகிற இடம். படுக்கிற இடத்துக்கு நாம் 'லாட்ஜ்' என்கிறோம். ஐரோப்பியன் காதில் வரவேற்பறை, அறைச் சாவி, சலவைப் போர்வை எல்லாமாக விழுகிற சொல், நம் காதில் இட்லியும் சாம்பாருமாக விழுகிறது. அப்புறம் 'ஹோட்டல் மேனேஜ்மெண்ட்' என்றால் ஆச்சி வேறென்ன நினைப்பாள்?

மாமா சொன்னதிலும் உண்மை இருந்தது. நம் ஊர் ஹோட்டல்களுக்கு ஏற்கெனவே ஒரு கல்விமுறை இருந்தது. மேஜை துடைக்கிற பையனாக நுழைந்து, கிளீனராகி, சப்ளையராகி, மூளை இருந்தால் கல்லாவுக்கும், கை இருந்தால் அடுப்புக்கும் போகலாம். அடுப்படியில் எல்லாருமே 'மாஸ்டர்': டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், சரக்கு மாஸ்டர். பல்கலைக்கழகம் மாஸ்டர் பட்டம் தருவதற்கு இரண்டு வருஷம் எடுத்துக்கொள்கிறது. இவர்கள் அதே பட்டத்தைப் பத்து வருஷம் கரி பிடித்து வாங்கினார்கள். உடுப்பிப் பக்கத்திலிருந்து சிறுவனாக வந்து எடுபிடி வேலையில் தொடங்கிய கிருஷ்ணராவ்தான் 1938ல் சென்னையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். இப்படி ஒரு வழி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது அரசாங்கம் எதற்காகக் கல்லூரி தொடங்கியது? என்னுடைய கேள்வி இதுதான்.

வெளிநாட்டுக் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அங்கே பதில் சுலபமானது. சுவிட்சர்லாந்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மலையையும் ஏரியையும் பார்க்க வெளிநாட்டுப் பணக்காரர்கள் குவிந்தார்கள். ஹோட்டல்கள் முளைத்தன, பழகிய ஆட்கள் போதவில்லை. 1893ல் ழாக் ட்சூமி என்ற ஹோட்டல்காரர் லோசான் நகரத்தில், ஊஷி ஏரிக்கரையில் இருந்த ஒரு ஹோட்டலிலேயே வகுப்பு ஆரம்பித்தார். உலகத்தின் முதல் ஹோட்டல் பள்ளி என்று அதைத்தான் சொல்கிறார்கள். பயணி வந்தார், ஹோட்டல் வந்தது, பள்ளி வந்தது. நேர்கோடு.

அமெரிக்கக் கதை கொஞ்சம் வளைந்தது, எனக்குப் பிடித்ததும் அதுதான். 1922ல் கார்னெல் பல்கலைக்கழகம் ஹோட்டல் நிர்வாகத்துக்கு நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியது. பொறுப்பேற்றவர் ஹோவர்ட் மீக். முதல் வகுப்பில் 21 மாணவர்கள். பல்கலைக்கழகத்தின் எந்தக் கதவு வழியாக இந்தப் படிப்பு உள்ளே நுழைந்தது தெரியுமா? மனையியல் துறை. மார்த்தா வான் ரென்சலர், ஃப்ளோரா ரோஸ் என்ற இரண்டு பெண்கள் கட்டி எழுப்பிய துறை அது. பண்ணைவீட்டுப் பெண்களுக்குச் சமையல், சத்துணவு, வீட்டு நிர்வாகம் ஆகியவற்றை அறிவியலாகச் சொல்லிக்கொடுத்த இடம். அப்போது பெரிய ஹோட்டல் முதலாளியாக இருந்த ஸ்டாட்லர் ஆரம்பத்தில் இந்தப் படிப்பை நம்பவில்லை. ஹோட்டல் தொழிலை வகுப்பறையில் கற்க முடியாது என்பது அவர் கட்சி. எங்கள் மாமா மாதிரியேதான். பிறகு மாணவர்கள் தாங்களே ஒரு ஹோட்டலை நடத்திக் காட்டியதைப் பார்த்து மனம் மாறினார். அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளையின் பணத்தில்தான் பின்னால் கார்னெலின் ஹோட்டல் பள்ளிக்குக் கட்டடமே வந்தது.

மனையியல் என்ற கதவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரிலும் ஏறக்குறைய அதே கதவுதான் திறந்தது. ஆனால் வாசலில் நின்றவர் பயணி இல்லை, பசித்தவர்.

1943 வங்காளப் பஞ்சத்தில் செத்தவர்கள் 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். நாலு வருஷத்தில் நாடு பிரிந்தது. பஞ்சாபிலும் சிந்துவிலும் நல்ல பாசன நிலங்களின் பெரும்பங்கு அந்தப் பக்கம் போய்விட்டது. சுதந்திர இந்தியா பிறந்ததே ரேஷன் கார்டோடுதான். கல்யாண வீட்டில் இத்தனை பேருக்கு மேல் சோறு போடக்கூடாது என்று விருந்தினர் கட்டுப்பாட்டு உத்தரவுகள் பல மாகாணங்களில் இருந்தன. 1951க்குப் பிறகு தானிய இறக்குமதியே கிடையாது என்று நேரு அறிவித்திருந்தார். நடந்தது தலைகீழ். அதே 1951ல் அமெரிக்காவிடம் 20 லட்சம் டன் கோதுமைக்குக் கடன் வாங்க வேண்டியிருந்தது.

அப்போது மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் கே. எம். முன்ஷி. குஜராத்தி நாவலாசிரியர், பாரதிய வித்யா பவனைத் தொடங்கியவர். மரம் நடும் வனமகோத்சவத்தையும் அவர்தான் ஆரம்பித்தார். அவருடைய மனைவி லீலாவதி முன்ஷி. அவரும் எழுத்தாளர், உப்பு சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டவர், பிறகு ராஜ்யசபை உறுப்பினர். 1954ல் கெட்ட சினிமாக்களைத் தடைசெய்ய வேண்டும் என்று ராஜ்யசபையில் தீர்மானம் கொண்டுவந்தவரும் இவரேதான். சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் அந்தத் தீர்மானத்துக்காக மட்டும் இவரை ஞாபகம் வைத்துக் கேலி செய்வது வழக்கம். நானும் செய்திருக்கிறேன். அதே வருஷம் அந்த அம்மா செய்த இன்னொரு காரியம் எனக்குத் தெரியாமல் இருந்தது.

லீலாவதி முன்ஷியின் தலைமையில் அகில இந்தியப் பெண்கள் உணவுக் கவுன்சில் என்று ஒரு அமைப்பு இருந்தது. அரிசியும் கோதுமையும் பற்றாக்குறை, ஆனால் கிழங்கும் காயும் வாழையும் கிடைக்கிறது. ஜனங்களின் நாக்கை மாற்ற முடியுமா? இதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை. 'அன்னபூர்ணா' என்ற பெயரில் மலிவு உணவகங்கள் திறந்தார்கள். ரேஷன் தானியம் இல்லாத சாப்பாடு அங்கே கிடைத்தது. மைசூரில் 1950ல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் அந்தச் சமயத்தில் மரவள்ளி மாவையும் கடலை மாவையும் சேர்த்துச் செயற்கை அரிசி செய்து பார்த்துக்கொண்டிருந்தது. கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. மரவள்ளி தின்று வளர்ந்த எங்கள் ஆச்சி தலைமுறைக்குச் சிரிப்பு வராது.

உணவகம் திறந்தால் அதை நடத்த ஆள் வேண்டும். ஐந்நூறு பேருக்குச் சமைக்க, வீணாக்காமல் சமைக்க, சத்து போகாமல் சமைக்க, சுத்தமாகப் பரிமாற, கணக்கு எழுத ஆள் வேண்டும். தேவை அவர்களுக்கு மட்டுமில்லை. 1948ன் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலைகளில் கேன்டீன் வைக்கச் சொல்ல வழி செய்திருந்தது. புதுப்புது ஆஸ்பத்திரிகள், மாணவர் விடுதிகள், ரயில்வே. வீட்டுக்கு வெளியே சாப்பிட ஆரம்பித்த ஒரு தேசம். இந்தச் சூழ்நிலையில்தான் 1954ல் அந்தப் பெண்கள் கவுன்சில் பம்பாயில், அந்தேரியில் இருந்த பவன்ஸ் கல்லூரி வளாகத்தில் சின்ன அளவில் ஒரு கேட்டரிங் கல்லூரியைத் தொடங்கியது. பிறகு அது தாதருக்கு மாறியது. 'தாதர் கேட்டரிங் காலேஜ்' என்றால் இன்றைக்கும் ஹோட்டல் தொழிலில் இருப்பவர்கள் ஒரு மரியாதையோடு நிமிர்ந்து உட்காருவார்கள். இந்தியாவில் ஹோட்டல் நிர்வாகக் கல்வி தொடங்கிய இடம் அது.

ஆக, சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரை ஹோட்டலில் பிறந்த படிப்பு, இங்கே அரிசித் தட்டுப்பாட்டில் பிறந்தது. சுற்றுலாப் பயணிக்கும் இதற்கும் ஆரம்பத்தில் பெரிய தொடர்பு இல்லை. சுற்றுலாவை வளர்ப்பதற்கு 1945லேயே சார்ஜண்ட் தலைமையில் ஒரு குழு போட்டார்கள் என்பது உண்மை. அது வேறு ஃபைல், வேறு இலாகா.

1960களின் தொடக்கத்தில் மத்திய அரசு இந்த முயற்சியைப் பெரிதாக்கியது. 1962ல் டெல்லி பூசாவில், 1963ல் கல்கத்தாவிலும் சென்னையிலும் இதே மாதிரி கல்லூரிகள் வந்தன. நடத்தியது எந்த அமைச்சகம் என்று பாருங்கள்: உணவு மற்றும் விவசாய அமைச்சகம். பூசா என்பதே விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிற இடம். ஹோட்டல் படிப்புக்கு அங்கே இடம் கொடுத்ததில் யாருக்கும் விசித்திரம் தெரிந்திருக்காது. அது உணவுப் பிரச்சினையின் ஒரு கிளை, அவ்வளவுதான். 'அப்ளைடு நியூட்ரிஷன்' என்ற சொற்றொடரும் அந்தக் காலத்து அரசாங்க மொழி. யுனிசெஃப், எஃப்ஏஓ, உலக சுகாதார நிறுவனம் மூன்றின் உதவியோடு அதே பெயரில் ஒரு திட்டமே கிராமங்களில் நடந்தது. காய்கறித் தோட்டம், கோழி, மீன் வளர்த்துத் தாய்மார்களும் குழந்தைகளும் சாப்பிட வைக்கிற திட்டம். தரமணிப் பலகையில் நான் பார்த்த சொல் அந்த வீட்டுப் பிள்ளை.

அத்தான் படித்த காலத்தில் அந்தப் பழைய வாசனை பாடத்திட்டத்தில் மிச்சமிருந்தது. அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். இந்தக் கல்லூரிகளில் மூன்று வகைப் பயிற்சிச் சமையலறை உண்டு. முதலில் பேசிக். அடுத்தது குவான்டிட்டி, அதாவது பெரிய அளவில் சமைப்பது. கடைசியில் அட்வான்ஸ்டு. குவான்டிட்டி கிச்சனில் அண்டாவும் கரண்டியுமாக நம்மூர்ச் சாப்பாடு. நூறு பேருக்குச் சாம்பார் என்றால் பருப்பு எவ்வளவு, ஒரு ஆளுக்கு என்ன செலவு விழும் என்ற கணக்கெல்லாம் அங்கேதான். அட்வான்ஸ்டு கிச்சன் பிரெஞ்சு மயம். எஸ்கோஃபியே வகுத்த ஐந்து தாய் சாஸ்கள், பதினேழு கோர்ஸ் மெனு.

"மாப்ள, பெசமெல் சாஸைப் பார்த்தப்போ எனக்கு மைதா கஞ்சி ஞாபகந்தான் வந்துச்சு. போஸ்டர் ஒட்டுத பசை" என்று ஒருமுறை சொன்னார்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. நூறு பேருக்குச் சுத்தமாகவும் மலிவாகவும் சமைப்பது நடுவில் வருகிற பாடம், ஆறு பேருக்கு பிரெஞ்சுச் சாப்பாடு சமைப்பது உயர்ந்த பாடம் என்று ஒரு ஏணி போட்டுவிட்டார்கள். கல்லூரி எதற்காகத் தொடங்கப்பட்டதோ அது ஏணியில் நடுப்படி ஆகிவிட்டது. பிரெஞ்சுச் சமையல் தெரிய வேண்டாம் என்று சொல்லவில்லை. உலகம் முழுக்க ஹோட்டல் சமையலறையின் பொதுமொழி அது, கப்பலுக்குப் போகிற பையனுக்கு அது சோறு போடும். ஆனாலும் ஏணியை யார் வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஏணியை நிமிர்த்தி வைத்த வருஷம் 1982 என்பது என் கணிப்பு. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இதற்கிடையில் சுற்றுலா வளர்ந்திருந்தது. ஐடிடிசி 1966ல் வந்தது. அதே வருஷம் ஓபராய் குழுமம் தன் ஆட்களைத் தானே தயாரிக்கச் சொந்தப் பள்ளி தொடங்கியது. ஜெட் விமானத்தில் பயணிகள் வந்தார்கள், அவர்களோடு டாலர் வந்தது. அந்நியச் செலாவணிக்குத் தவித்துக்கொண்டிருந்த அரசாங்கத்துக்கு ஹோட்டல் என்பது ஏற்றுமதித் தொழில் மாதிரித் தெரிய ஆரம்பித்தது. 1982 நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. நகரத்தில் நட்சத்திர ஹோட்டல்கள் கிடுகிடுவென எழும்பின. நாட்டின் முதல் சுற்றுலாக் கொள்கையும் அந்த வருஷம்தான் வந்தது. ஹோட்டல் நிர்வாகக் கல்விக்கான தேசியக் கவுன்சில் பிறந்ததும் 1982ல்தான். அதை ஒட்டி இந்தக் கல்லூரிகள் உணவு இலாகாவின் கையிலிருந்து சுற்றுலா இலாகாவின் கைக்கு மாறின.

ஒரு அரசாணை, ஒரு இலாகா மாற்றம். ஆனால் படிப்பின் ஜாதகமே மாறிவிட்டது. யாருக்காகச் சமைக்கிறோம் என்ற கேள்விக்கு அதுவரை இருந்த பதில் ஆலைத் தொழிலாளி, நோயாளி, விடுதி மாணவன். இனிமேல் பதில், விருந்தினர். உணவு இலாகாவில் கூடவே இருந்த உணவு ஊட்டச்சத்து வாரியம் 1993ல் பெண்கள், குழந்தைகள் நலத் துறைக்குப் போய்விட்டது. ஹோட்டலும் ஊட்டச்சத்தும் ஒரே வீட்டில் பிறந்து ஆளுக்கொரு திசையில் போன கதை இது. பெயர்ப்பலகையை மட்டும் யாரும் மாற்றவில்லை.

1982ல் தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்பது இதைப் படிக்கிற பலருக்கு ஏற்கெனவே மனதில் ஓடியிருக்கும். ஜூலை 1ஆம் தேதி திருச்சி பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். காமராஜர் 1956ல் போட்ட மதிய உணவின் அஸ்திவாரத்தில் எழுந்தது. ஒரு மையத்துக்கு ஒரு அமைப்பாளர், ஒரு சமையலர், ஒரு உதவியாளர். லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குத் தினமும் ஒரே நேரத்தில் சூடாகச் சோறு. இதைவிடப் பெரிய கேட்டரிங் வேலை இந்த மாநிலத்தில் அதற்கு முன்னால் நடந்ததில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். லீலாவதி முன்ஷியின் கவுன்சில் 1954ல் கனவு கண்டிருக்கக்கூடிய காரியம். அது நடந்த அதே வருஷத்தில், அதற்காகவே பிறந்த படிப்பு சுற்றுலாப் பக்கம் தோணியைத் திருப்பிவிட்டது.

சத்துணவுச் சமையலறையை நடத்தியவர்கள் டிப்ளமோ இல்லாத பெண்கள். விதவைகளுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் அந்த வேலையில் முன்னுரிமை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமைத்த அக்கா இருநூறு பிள்ளைகளுக்கு உப்பு ஒரு கல் கூடாமல் குறையாமல் போடுவாள். அது குவான்டிட்டி ஃபுட் புரொடக்‌ஷன் என்ற பாடம் என்று அவளுக்குத் தெரியாது. அதற்குப் புத்தகம் இருக்கிறது, தேர்வு இருக்கிறது என்றெல்லாம் சொன்னால் சிரித்திருப்பாள்.

இனி பட்டக் கதை. மூன்று வருஷம் படித்து அத்தான் வாங்கியது டிப்ளமோ. ப்ளஸ் டூவுக்குப் பிறகு மூன்று வருஷம் படித்த பி.ஏ.காரன் பட்டதாரி. அதே மூன்று வருஷம் காலை ஆறு மணிக்கு எழுந்து, கத்தியில் விரலை வெட்டிக்கொண்டு, அறுபது படுக்கை விரித்து, உணவு அறிவியலும் கணக்குப் பதிவியலும் எழுதித் தேறியவர் டிப்ளமோகாரர். டிகிரி கேட்கிற எந்த அரசாங்கப் பரீட்சைக்கும் அவரால் மனுப்போட முடியவில்லை. 1998ல் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் பெரியப்பா கேட்டது: "மாப்பிள்ளை டிகிரி இல்லையோ?" அந்தச் சம்பந்தம் தட்டிப்போனது. அத்தான் அன்றைக்கு ஒரு பெரிய ஹோட்டலில் வாங்கிக்கொண்டிருந்த சம்பளம், அங்கே உட்கார்ந்திருந்த பட்டதாரிகள் யாரும் வாங்காதது.

இதை மேலிருந்த அதிகாரிகளின் அலட்சியம் என்று மட்டும் நான் நினைக்கவில்லை. உணவு இலாகா தொடங்கியதால் இந்தக் கல்லூரிகள் பல்கலைக்கழகங்களுக்கு வெளியிலேயே வளர்ந்தன. கார்னெலில் மனையியல் கதவு பல்கலைக்கழகத்துக்கு உள்ளே இருந்தது, நுழைந்த முதல் நாளே பட்டம். இங்கே கதவு அமைச்சகத்தில் இருந்தது. அதற்கு மேல், கையால் செய்கிற வேலை, அதுவும் அடுத்தவனின் எச்சில் தட்டோடு தொடர்புள்ள வேலை, பட்டத்துக்குத் தகுமா என்ற நம் ஊர்ப் புத்தி. யார் சமைத்து யார் சாப்பிடலாம் என்று ஆயிரம் கணக்கு வைத்திருந்த சமூகம் நம்முடையது. எந்தச் சாதிப் பையனும் சமைக்கலாம், எவரும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று வகுப்பறையில் சட்டமாக்கிய முதல் சமையலறைகள் இவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த மாற்றத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

மணிப்பாலில் ஐடிசி ஹோட்டல் குழுமத்தோடு சேர்ந்து 1980களின் பிற்பகுதியில் வந்த கல்லூரி நான்காண்டுப் பட்டம் கொடுத்தது. தேசியக் கவுன்சிலின் கல்லூரிகளுக்கு அதற்குப் பின்னும் ரொம்ப நாள் ஆனது. கடைசியில் இக்னோவோடு சேர்ந்து பி.எஸ்சி. ஆனது, இப்போது ஜேஎன்யுவின் பட்டம். நாடு முழுக்க ஒரே நுழைவுத் தேர்வு. முனைவர் பட்டம் பெற்று, செஃப் தாமு பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டு டிவியில் அழைக்கிற காலமும் வந்துவிட்டது.

சுற்றுலாப் படிப்பு வந்த பாதை வேறு, அதில் எனக்கே ஒரு சின்னப் பங்கு உண்டு. ஹோட்டல் படிப்பு சமையலறையிலிருந்து வந்தது. சுற்றுலாப் படிப்பு பெரும்பாலும் வரலாற்றுத் துறையின் மடியிலிருந்து வந்தது. டெல்லியில் 1972ல் தொடங்கிய காலேஜ் ஆஃப் வொகேஷனல் ஸ்டடீஸில் சுற்றுலா ஒரு பாடம். 1983ல் மத்திய அரசு சுற்றுலா, பயண நிர்வாகத்துக்கென்றே ஐஐடிடிஎம் தொடங்கியது. அது பிறகு குவாலியருக்குப் போனது. 1994-95ல் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் பட்டத்தில் தொழிற்பாடங்களைச் சேர்க்கச் சொன்னபோது அந்தப் பட்டியலில் சுற்றுலாவும் இருந்தது. வரலாறு படித்தால் வேலை கிடைக்காது என்று பிள்ளைகள் வராமல் போன காலம். கல்லூரிகள் 'வரலாறும் சுற்றுலாவும்' என்று பெயரை மாற்றிக்கொண்டன. நான் எம்.ஏ. படித்தபோது எனக்கும் சுற்றுலா ஒரு விருப்பப் பாடம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைப் பற்றி ஏற்கெனவே தெரிந்ததையே 'சுற்றுலா வளம்' என்ற தலைப்பில் மறுபடி எழுதினோம். பயணிக்கு எங்கே கழிப்பறை, எங்கே சாப்பாடு என்று ஒரு பக்கம்கூட இல்லை. அதே வருஷங்களில் அத்தானின் பாடத்தில் சாப்பாடும் கழிப்பறைச் சுத்தமும் வண்டி வண்டியாக இருந்தது, ஊரின் வரலாறு அரைப் பக்கம். இரண்டு படிப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

இதை எழுதுவதற்கு முன்னால் அத்தானுக்குப் போன் போட்டேன். கப்பலில் ஆறு வருஷம், துபாயில் நாலு வருஷம், பிறகு ஊர் திரும்பி இப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் உணவுப் பிரிவுக்குப் பொறுப்பாளர். தினமும் எண்ணூறு பேருக்குச் சாப்பாடு. சர்க்கரைக்கு ஒரு தட்டு, சிறுநீரகத்துக்கு ஒரு தட்டு, ஆபரேஷன் முடிந்தவருக்குக் கஞ்சி. தரமணிப் பலகையைப் பற்றிச் சொன்னேன், முன்ஷி அம்மாவைப் பற்றியும் சொன்னேன்.

"நியூட்ரிஷன் பேப்பரா? அதுல நான் நாப்பத்தி ரெண்டு மார்க்குடா. ஜஸ்ட் பாஸ்" என்றார். "ஹோட்டலுக்குப் போறவனுக்கு இது எதுக்குன்னு கடைசி பெஞ்சுல தூங்கிட்டிருந்தோம்."

பின்னால் யாரோ அவரிடம் ஏதோ கேட்டார்கள். ஏழாம் நம்பர் வார்டுக்கு உப்பில்லாத ரசம் இன்னும் வரவில்லையாம். "இரு மாப்ள, பொறவு கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டார்.